மதுரையில் பரிசோதனை இசை விழா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் இரண்டு நாள் மாலை, பரிசோதனை இசைக்கும் ஒலி நிகழ்த்துகைக்கும் என்றே ஒரு விழா நடத்த நாங்கள் சில பேர் சேர்ந்திருக்கிறோம். மண்டபக்காரர், மைக்செட் அண்ணன், உறுமி வாசிப்பவர், சொந்தக்காரர்கள் என்று விஷயத்தைச் சொன்ன இடத்திலெல்லாம் கேள்விகள் வருகின்றன. திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். கேட்டவர்கள் கேட்ட தொனியிலேயே கேள்விகளை விட்டிருக்கிறோம்.

பரிசோதனை இசை என்றால் என்ன?

ராகம், தாளம், பல்லவி, சரணம் என்று முன்பே போட்டு வைத்த பாதையில் போகாமல், ஒலியையே கையில் எடுத்து, இதை வைத்து என்ன செய்யலாம் என்று பார்க்கிற இசை. பாட்டு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வாத்தியம் வயலினாக இருக்கலாம், தகர டின்னாகவும் இருக்கலாம். அது எங்கே போய் முடியும் என்று வாசிப்பவருக்கே முழுசாகத் தெரியாது.

நேற்று வந்த மோஸ்தர் இல்லை இது. லூயிஜி ருஸோலோ என்ற இத்தாலிய ஓவியர் 1913-ல் ஓர் அறிக்கை எழுதினார். இயந்திரங்கள் வந்த பிறகு மனிதர்களின் காது மாறிவிட்டது, இனி இரைச்சலையும் இசைக்குள் சேர்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. எழுதியதோடு விடவில்லை, கைப்பிடியைச் சுற்றினால் உறுமும், சீறும் பெட்டிகளைச் செய்து மேடையேற்றினார். 1948-ல் பிரெஞ்சு வானொலியில் இருந்த பியர் ஷேஃபர், பாரிஸ் ரயில் நிலையத்தில் எஞ்சின் சத்தத்தையும் விசிலையும் தண்டவாளத் தடதடப்பையும் பதிவு செய்து, இசைத்தட்டில் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, வரிசை மாற்றி, ஒரு படைப்பாக ஒலிபரப்பினார். இன்று போனில் ‘லூப்’ போடுகிற பிள்ளைகள் செய்வது கிட்டத்தட்ட அதே வேலைதான்.

சத்தத்தையெல்லாம் இசை என்று சொன்னால் எப்படி?

சொல்ல வேண்டாம். விழாவில் வருகிற சிலது எங்களுக்கும் சத்தமாகத்தான் படும். அது இசையா இல்லையா என்று தீர்ப்பு எழுதுவதை வீட்டுக்குப் போன பிறகு வைத்துக்கொள்ளலாம். அங்கே இருக்கும்போது முழுசாகக் கேளுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

மதுரைக்காரருக்கு இது கஷ்டமே இல்லை. அழகர் ஆற்றில் இறங்குகிற விடியற்காலையில் கோரிப்பாளையத்துப் பக்கம் நின்றிருப்பீர்கள். கூட்டத்துக்குள்ளே ஒரு மூலையில் கிளம்புகிற ‘கோவிந்தா’ இன்னொரு மூலைக்குப் போய்ச் சேர்வதற்குள் நடுவில் வேறொன்று கிளம்பிவிடும். தோல் பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிற சத்தம், பக்கத்தில் உறுமி, பாலத்தின் மேலிருந்து போலீஸ் மைக், காணாமல் போன குழந்தையின் சட்டை நிறத்தைச் சொல்கிற இன்னொரு மைக். எல்லாம் ஒரே நேரத்தில் கேட்கும். இதில் சுருதி சேரவில்லை என்று யாரும் குறைப்பட்டதில்லை.

அதற்காகச் சித்திரைத் திருவிழாவே ஒரு பரிசோதனை இசைதான் என்று புதுப்பெயர் சூட்ட நாங்கள் வரவில்லை. அது சாமி விஷயம், அதற்குப் பெயர் இருக்கிறது. பல அடுக்கு ஒலியை ஒரே நேரத்தில் வாங்கிக்கொள்ள இந்த ஊர்க் காதுக்குப் பழக்கம் உண்டு என்பதுதான் நாங்கள் சொல்வது. விழாவுக்கு அது போதும்.

வெளிநாட்டுக்காரன் பண்ணுவதை ஏன் இங்கே இறக்குமதி செய்கிறீர்கள்?

போக்குவரத்து ஒரு பக்கமாக மட்டும் இருந்ததில்லை. அகமதாபாத்தைச் சேர்ந்த கீதா சாராபாய் 1946-ல் நியூயார்க் போனார். பக்வாஜ் என்ற வட இந்திய மத்தளம் வாசிப்பவர் அவர். அங்கே ஜான் கேஜ் என்ற இசையமைப்பாளரிடம் மேற்கத்திய இசை கற்றுக்கொண்டார். பதிலுக்கு அவருக்கு இந்திய இசையைச் சொல்லிக்கொடுத்தார். இசை எதற்காக என்று கேஜ் கேட்டபோது, மனசை அடக்கி அமைதியாக்குவதற்கு என்று தன் குரு சொன்னதைக் கீதா சொல்லியிருக்கிறார். கேஜ் அதைக் கடைசி வரை எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். பரிசோதனை இசை என்றதும் முதலில் வருகிற பெயரே அவருடையதுதான்.

அப்புறம் 1969-ல் அதே அகமதாபாத்தில், தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் சிந்தசைசர் என்ற மின்னணு ஒலிக்கருவியை வைத்து ஓர் ஒலிக்கூடம் அமைந்தது. அமைத்துக்கொடுக்க வந்தவர் கேஜின் சகா டேவிட் டியூடர். அங்கே இந்தியர்கள் செய்த மின்னணு இசையின் ஒலிநாடாக்கள் பல ஆண்டுகள் கழித்து அந்த நிறுவனத்தின் காப்பகத்திலிருந்து வெளியே வந்தன. நம் ஆட்கள் அந்த மேசையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். நமக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

இன்னும் கிட்டத்தில் பார்க்க வேண்டுமென்றால், வீட்டில் பாட்டு கற்கிற பிள்ளை தட்டிவிடுகிற எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டியைப் பாருங்கள். ஒரே சுரம், மணிக்கணக்கில், மின்சாரத்தில் ஓடுகிறது. இதையே பெர்லினில் ஒருவர் இரண்டு மணி நேரம் வாசித்தால் அதற்கு ‘ட்ரோன்’ என்று பெயர், டிக்கெட்டும் உண்டு.

ஊரைக் காதால் எழுதுகிற பழக்கமும் நமக்குப் புதிதில்லை. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி 782 அடி. பகல் கடை, ராக்கடை, யாமத்துக்கு யாமம் மாறுகிற தெரு, விடியலில் எழுகிற ஒலிகள் என்று இந்த ஊரைச் சத்தத்தாலேயே நடத்திக்கொண்டு போகிற பகுதிகள் அதில் நிறைய. அந்தியில் கூடு திரும்புகிற பறவைகளின் கலவையான ஒலி போல ராக்கடையின் இரைச்சல் எழுந்தது என்கிறார் புலவர். இன்று சாயங்காலம் விளக்குத்தூண் பக்கம் போய் நின்றால் உவமை இன்னும் பழசாகவில்லை என்று தெரியும்.

நாலரை நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாராமே ஒருவர்? அந்த மாதிரியா?

நான்கு நிமிடம் 33 வினாடி. மேலே சொன்ன கேஜின் படைப்புதான் அது. 1952 ஆகஸ்ட் 29 அன்று நியூயார்க் மாநிலத்தின் வுட்ஸ்டாக்கில் முதல் முறை அரங்கேறியது. பியானோ முன்னால் உட்கார்ந்தவர் டேவிட் டியூடர். மூன்று பகுதி, ஒவ்வொன்றும் தொடங்கும்போது பியானோ மூடியைச் சாத்தினார், முடியும்போது திறந்தார். ஒரு கட்டையைக்கூட அழுத்தவில்லை. முதல் பகுதியில் வெளியே காற்று, இரண்டாவதில் கூரையில் மழைத்துளி, மூன்றாவதில் கோபப்பட்டு எழுந்து போனவர்களின் பேச்சு: இவ்வளவும் கேட்டது என்று கேஜ் பிற்பாடு சொன்னார்.

எங்கள் நிரலில் அது இல்லை. மதுரையில் அமைதியான நான்கு நிமிடம் கிடைக்காது என்பது ஒரு காரணம். எழுபது வருஷத்துக்கு முந்தைய துணிச்சலைத் திரும்பச் செய்து காட்டுவதில் இன்று என்ன பரிசோதனை இருக்கிறது என்பது இன்னொன்று.

அப்படியானால் மேடையில் என்னதான் நடக்கும்?

முதலில், மேடை என்று ஒன்று எப்போதும் இருக்காது. நடுவில் ஜமக்காளம் விரித்து நீங்கள் உட்கார, உங்களைச் சுற்றி நான்கு மூலையிலும் ஸ்பீக்கர் இருக்கும். சில நிகழ்ச்சிகளில் வாசிப்பவர் உங்களுக்கு நடுவில் நடப்பார்.

ஒத்திகையில் இருக்கிற ஒன்றைச் சொல்கிறோம். மானாமதுரையிலிருந்து வந்த ஒரு கடம். இங்கிருந்து ராமநாதபுரம் சாலையில் ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிற ஊர். அந்த ஊர் மண்பாண்டத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வித்வான்கள் விரலால் அதில் செய்வது எல்லாருக்கும் தெரியும். இங்கே யாரும் அதைத் தட்டப் போவதில்லை. சட்டையில் குத்துகிற சின்ன மைக்கைக் கயிறு கட்டிப் பானைக்குள் தொங்கவிட்டு, அந்த மைக்கின் ஒலியைப் பக்கத்திலேயே இருக்கும் ஸ்பீக்கருக்குக் கொடுத்து, ஆம்ப்ளிஃபயரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும். ஒரு கட்டத்தில் மைக் கூவத் தொடங்கும். கல்யாண வீட்டில் மைக்செட்காரர் ஓடி வந்து அமுக்குவாரே, அதே கூவல்தான். ஆனால் இங்கே அது பானை வயிற்றின் அளவுக்குத் தக்க ஒரு சுரத்தில் போய் நிற்கும். வாயை உள்ளங்கையால் பாதி மூடினால் சுரம் இறங்கும். ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் உள்ளே காற்றுக்கு இடம் குறைந்து சுரம் ஏறும். அளவு வேறு வேறான பானைகளை வரிசையாக வைத்து, ஒருவர் கையால் வாயை மூடித் திறந்து, இன்னொருவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனால், தாழ்வாரம் முழுக்க ஊமைக்குரல்கள் சேர்ந்து பாடுகிற மாதிரி இருக்கிறது. எங்கள் மைக்செட் அண்ணனுக்கு மட்டும் இன்னும் மனசு ஒப்பவில்லை. “முப்பது வருஷமா இதை வராம பாத்துக்கத்தான் சம்பளம் வாங்கினேன்” என்கிறார்.

மற்றபடி லேப்டாப், மாடுலர் சிந்தசைசர், குரல், பதிவு செய்த ஊர் ஒலிகள், பழைய வால்வு ரேடியோ என்று பலதும் இருக்கும்.

உறுமியும் பறையும் சாவுக்கு வாசிப்பது. அதை ஏன் இதில் சேர்க்கிறீர்கள்?

பல பேர் குரலைத் தாழ்த்திக் கேட்கிற கேள்வி இது. நாங்கள் சத்தமாகவே பதில் சொல்கிறோம்.

தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருளில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் வைக்கிறது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று உரைகள் சொல்கின்றன. மலை, காடு, வயல், கடல் என்று எல்லா நிலத்திலும் முழங்கிய வாத்தியத்தை ஒரு தெருவோடும் ஒரு சடங்கோடும் கட்டிப்போட்டது சாதி. வாத்தியத்தில் குறை எதுவும் இல்லை. இந்தக் கேள்வியைக் காரணம் காட்டி எங்களுக்கு இடம் மறுத்த மண்டபம் ஒன்று உண்டு. வேறு மண்டபம் பார்த்துக்கொண்டோம்.

அதோடு, உலகத்தில் எங்கே வைத்தாலும் உறுமி ஒரு பரிசோதனை வாத்தியம்தான். ஒரு பக்கத் தோலை மெல்லிய குச்சியால் அடிப்பார்கள். மறுபக்கத்தை அடிப்பதில்லை, வளைந்த குச்சியைத் தோலில் அழுத்தித் தேய்த்து இழுப்பார்கள். அழுத்தம் கூடக்கூட ஒலி விம்மும், முனகும், அறும். தோலைத் தேய்த்து வருகிற அந்த இழுவையை நெருக்கமாக வைத்த மைக்கில் கேட்டுப் பாருங்கள். குச்சி தோலைப் பற்றி விடுகிற ஒவ்வொரு சின்னத் துள்ளலும் தனியாகக் கேட்கும். வயலினில் வில் செய்கிற வேலையும் இதுவேதான்.

இதில் நாங்கள் எங்களுக்கே போட்டுக்கொண்ட சில விதிகள் உண்டு. நாட்டுப்புறக் கலைஞர்களை வாசலில் வரவேற்புக்கு நிறுத்த மாட்டோம். போஸ்டரில் ‘குழுவினர்’ என்று போடாமல் ஒவ்வொருவர் பெயரும் வரும். லேப்டாப் கலைஞருக்கு என்ன சம்பளமோ அதுதான் உறுமிக்காரருக்கும். ஒலி சரிபார்ப்புக்கும் அதே நேரம். பறை வாசிக்கிறவர்களுக்கு மண்டபத்துக்கு வெளியே தீ மூட்ட இடம் வேண்டும். வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சினால்தான் சுருதி ஏறும், சூடு ஆறினால் அது தளர்ந்துவிடும். மண்டபக்காரரிடம் பேசும்போது வாடகைக்கு முன்னால் நாங்கள் கேட்பது இந்தத் தீக்குத்தான்.

விழா எங்கே? மகாலில் வைத்தால் அருமையாக இருக்குமே?

இருக்கும். திருமலை நாயக்கர் மகால், 1636-ல் கட்டியது, அந்தத் தூண்களுக்கு நடுவில் ஒரு கைதட்டு எவ்வளவு நேரம் சுற்றிவிட்டுத் திரும்புகிறது என்று கேட்டாலே ஆசை வரும். ஆனால் அது தமிழக அரசின் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, மாலையில் ஒலி ஒளிக் காட்சியும் உண்டு. அடித்தொனி ஸ்பீக்கரின் அதிர்வைப் பழைய சுதையில் சோதித்துப் பார்க்கிற விழாவாக இது இருக்க வேண்டாம்.

மீனாட்சி அம்மன் கோயில் இசைத்தூண்களைப் பற்றியும் கேட்கிறார்கள். வடக்கு ஆடி வீதிப் பக்கம் ஐந்து தூண்கள், ஒவ்வொன்றிலும் ஒரே கல்லில் செதுக்கிய 22 சிறு தூண்கள். அவற்றை யாரும் தட்ட வேண்டாம், நாங்களும் கேட்கப் போவதில்லை. கோயிலுக்குள் செல்போனுக்கு 2018 முதல் தடை இருப்பதால் பதிவு செய்யும் பேச்சும் இல்லை.

அரிட்டாபட்டி மலையடிவாரம் என்றார் ஒரு நண்பர். தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் அது, 2022-ல் அறிவித்தார்கள். வல்லூறுகள் குடியிருக்கிற பாறையில் போய் ஆம்ப்ளிஃபயர் வைப்பதற்கு நாங்கள் ஆள் இல்லை. காலையில் காதை மட்டும் எடுத்துக்கொண்டு போகிற நடை ஒன்று வைப்போம், அவ்வளவுதான்.

ஆக, கல்யாண மண்டபம். கிரானைட் தரை, டைல்ஸ் சுவர், பேசினாலே எதிரொலிக்கும். சில நிகழ்ச்சிக்கு அந்த எதிரொலியே வேண்டும். மற்றதற்குச் சுவரெல்லாம் ஜமக்காளம் தொங்கவிடுவோம்.

எப்போது?

மார்கழியில். முகூர்த்தம் இல்லாததால் மண்டபம் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும். ஊர்த் திருவிழாக்கள் ஓய்ந்திருக்கும், பங்குனி சித்திரையில் கையில் பிடிக்க முடியாத கலைஞர்கள் வீட்டில் இருப்பார்கள். ஐப்பசி மழையும் விட்டிருக்கும். சென்னையில் சீசன் நடக்கிற நேரமாயிற்றே என்றால், அங்கே போகிறவர்கள் போகட்டும்.

காது என்னாகும்? குழந்தைகளைக் கூட்டி வரலாமா?

85 டெசிபல் ஒலியை எட்டு மணி நேரம் வரை காது தாங்கும் என்பது பொதுவான கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும்: 88-க்கு நான்கு மணி நேரம், 91-க்கு இரண்டு, 100-க்கு வந்தால் கால் மணி நேரம். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட வரையறை, இசை அரங்குகளில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. எங்கள் மேசையில் மீட்டர் இருக்கும், அந்த எல்லைக்குக் கீழேயே ஓட்டுவோம். வாசலில் காதடைப்பான் இலவசம். பஞ்சு வைத்துக்கொண்டால் போதும் என்று நினைக்காதீர்கள், அது பெரிதாகத் தடுக்காது.

குழந்தைகளைத் தாராளமாகக் கூட்டி வாருங்கள். பெரியவர்களைவிட அவர்களுக்கு இது சீக்கிரம் பிடித்துவிடும். கைக்குழந்தை என்றால் ஸ்பீக்கரிலிருந்து தள்ளி, வாசல் பக்கம் உட்காருங்கள். எந்த நிகழ்ச்சி பலத்த சத்தம் என்று நிரலிலேயே குறித்திருப்போம். காது இரைச்சல், வலிப்பு, ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் வருவதற்கு முன் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அக்கம்பக்கத்தில் சண்டைக்கு வர மாட்டார்களா? போலீஸ்?

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. வணிகப் பகுதியில் 65, 55. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். இதையெல்லாம் பார்த்துத்தான் இடம் பிடிக்கிறோம், ஒன்பதரைக்கு முடித்துவிடுவோம். தெருக்காரர்களுக்கு முன்கூட்டியே வீடு வீடாகப் போய்ச் சொல்லி, நுழைவுச் சீட்டும் கொடுப்போம்.

புரியவில்லை என்றால்? நடுவில் எழுந்து போகலாமா?

போகலாம். வெளியே டீ இருக்கும். புரிய வேண்டிய கட்டாயம் இதில் இல்லை. தவில் தனி ஆவர்த்தனத்தில் கணக்குப் புரிந்தா எல்லாரும் தலையாட்டுகிறோம்? கண்ணை மூடிக்கொண்டால் பாதிப் பேருக்கு வசதியாக இருக்கிறது. எப்போது கைதட்டுவது என்று தெரியாவிட்டால் வாசிப்பவர் கையை எடுக்கும் வரை பொறுங்கள். போனைச் சத்தமில்லாமல் வைத்துவிடுங்கள். ஒரு ரிங்டோன் வந்தால் அதுவும் நிகழ்ச்சிதான் என்று யாராவது ஜோக் அடிப்பார்கள், அந்த ஜோக்கை நாங்கள் நிறையக் கேட்டாயிற்று.

எனக்கு ஸ்வரமே தெரியாது. கலந்துகொள்ள முடியுமா?

முடியும். விழாவுக்கு முந்தைய வாரம் ஒட்டு மைக் செய்யும் பட்டறை வைக்கிறோம். டவுன்ஹால் ரோடு பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் ‘பீசோ’ என்று கேட்டால் ஒரு ரூபாய்க் காசு அளவில் பித்தளை வில்லை ஒன்று தருவார்கள், விலை ஒரு டீ காசுதான். அதில் ஷீல்டு வயர் பற்றவைத்து, இன்சுலேஷன் டேப் சுற்றி, கிடார் ஆம்ப்ளிஃபயரில் சொருகிவிட்டால் போதும். காற்றில் வருகிற ஒலியை அது பெரும்பாலும் கண்டுகொள்ளாது. ஒட்டிய பொருளுக்குள் ஓடுகிற அதிர்வைத்தான் எடுக்கும். ஜன்னல் கம்பி, தறிக்கட்டை, தண்ணீர்க் குடம், சைக்கிள் ஆரம் என்று எதில் வேண்டுமானாலும் ஒட்டலாம். சாதாரண மைக் சாக்கெட்டில் சொருகினால் அடித்தொனி போய்ச் சன்னமாகக் கேட்கும், அதனால் பட்டறைக்கு முன்பே வாங்கி, அதில் சொருகிப் பார்த்து ஏமாற வேண்டாம்.

ஊர் ஒலிகளைப் பதிந்து அனுப்பவும் செய்யலாம், போன் போதும். காற்றடித்தால் மைக் துளைமேல் மெல்லிய துணியைக் கட்டுங்கள். பதிவைத் தொடங்கிய பிறகு இரண்டு நிமிடமாவது பேசாமல் நில்லுங்கள். கொத்துப் பரோட்டா மட்டும் தயவுசெய்து வேண்டாம், வந்த பதிவுகளில் பெரும்பங்கு அதுதான். செல்லூரில் தறி ஓடுகிற வீடு, விடியலுக்கு முன் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விலை கூவுவது, தெப்பக்குளப் படியில் மைய மண்டபத்தைப் பார்த்து உட்கார்ந்தால் காற்றில் வருவது, இதெல்லாம் எங்களிடம் இன்னும் இல்லை. ஆள் குரல் வந்தால் அவரிடம் கேட்டுவிட்டுப் பதியுங்கள். பதிந்த இடம், நாள், நேரம் மூன்றையும் எழுதி அனுப்புங்கள், பின்னணியில் பாட்டு எதுவும் சேர்க்காதீர்கள்.